வடிவம்மாள் குறைத்த ஏழு காத்தி

1

இந்தக் கதை ஐரீனுக்குத் தானாகத் தோன்றியதல்ல. அவள் தலையில் கட்டப்பட்டது. 1936 நவம்பரில், பினாங்கில் மாதர் மாத இதழ் ஒன்றை நடத்திவந்த பழனியப்பன், ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு தாளை அவளிடம் நீட்டினார். கம்பளிக் கையுறை மாட்டிய மூன்று வெள்ளைக்காரிகள் பனியில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க ஒருவருக்கொருவர் துணையாக மிதித்து, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைக் குறைத்தார்களாம்.

"நம்ம பொம்பளைங்களுக்கும் இப்படி ஒரு கதை வேணும் டீச்சர். ஆனா குளிர்காலமா இருக்கணும்."

"பினாங்குல ஏதுங்க குளிர்காலம்?"

"கதைதானே லா. வர வச்சுக்குங்க."

முதல் ஆரம்பம்: பர்மா ரோட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் —

வேண்டாம். வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் ஆரம்பம்: வடிவம்மாள் கொடியிடையாளாக இருந்த காலத்தில் —

அப்படி ஒரு காலமே இருந்ததில்லை என்று வடிவம்மாளே சொல்லியிருக்கிறாள்.

2

உள்ளதைச் சொல்லிவிடுவதே சுலபம். வடிவம்மாள் ஐரீனின் பக்கத்து வீட்டுக்காரி, மருத்துவச்சி, வயது நாற்பத்திரண்டு. ஜெலுத்தோங் வட்டாரப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. எடை மலாயாக் கணக்கில் நூற்று முப்பத்தைந்து காத்தி. (அரிசிக்கடை இப்ராஹிமின் மூட்டைத் தராசு சொன்னது. நூற்றெண்பது ராத்தல் என்று வாசகி மாற்றிக்கொள்ளலாம்; அவள் காதில் விழும்படி வேண்டாம்.)

செப்டம்பரில் சுகாதார இலாகாவுக்குப் புதிதாக வந்த துரை மருத்துவச்சிகளுக்கெல்லாம் சைக்கிள் கொடுத்து, சனவரி முடிவதற்குள் ஓட்டத் தெரியாதவர்களுக்கு வேலையில்லை என்றார். வடிவம்மாளின் முழங்கால் பத்து மிதிக்குமேல் தாங்கவில்லை. இருபது காத்தி குறையட்டும், ஆனால் மெதுவாக, என்றார் டாக்டர்.

ஐரீன் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி காமாரியா, சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கக் கால்சட்டை மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்தாள். தன் அண்ணனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானும் கூட வந்தாள். தினமும் விடியலில் மூவரும் கிளம்பினார்கள். அடைமழை. (பழனியப்பன் அவர்களே, பல் கிட்டித்தது. இதையே குளிர்காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.)

3

இங்கேதான் கதை படுத்துக்கொள்கிறது. முதல் மாதம் குறைந்தது மூன்று காத்தி. இரண்டாம் மாதம் ஒன்று. ஒன்று! இதை எந்த வாசகி படிப்பாள்? ஐரீன் 'ஒன்று' என்பதைப் 'பத்து' என்று மாற்றினாள். 'அன்று வடிவம்மாள் கண்ணீர் மல்க' என்று ஒரு வரியும் சேர்த்தாள். வடிவம்மாள் அதைப் படித்துவிட்டாள்.

"பத்தா? யாருடி பத்து குறைஞ்சது? நான் எப்ப அழுதேன்?"

"கதைக்குத்தான்க்கா."

"கதையில குறைஞ்சா முட்டிவலி போயிருமா?"

ஐரீன் அந்த வரிகளை அடித்துவிட்டாள். தாளில் அடித்தால் போதுமா?

டிசம்பர் நடுவில், ஜெலுத்தோங் சந்தை அருகே, கொட்டும் மழையில் வடிவம்மாள் சைக்கிளோடு சாய்ந்தாள். காமாரியா அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கடைசியா எப்பக்கா சாப்பிட்டீங்க?"

"முந்தாநாள்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"இவ பத்துன்னு எழுதியிருந்தாள்ல. டீச்சரே எழுதுறா, அப்ப முடியும்போலன்னு நெனச்சேன்."

[இந்த இடத்தில் ஐரீனின் மனவேதனை ஒரு பக்கத்துக்கு இருந்தது. கிழித்துவிட்டாள். அன்று தன்னுடையதும் வடிவம்மாளுடையதுமாக இரண்டு சைக்கிள்களை இரண்டு கையிலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீடுவரை நடந்தாள்.]

மறுநாளிலிருந்து காமாரியா சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். தட்டு காலியாகும்வரை எழவில்லை. தராசுப் பக்கமே போகக் கூடாது என்று ஐரீன் கண்டிப்பாகச் சொன்னாள். நிதானமாக மிதித்தார்கள். மூச்சு வாங்கினால் மூவருமே நின்றார்கள். சனவரிக் கடைசியில் தராசில் நிறுத்தபோது மொத்தம் ஏழு காத்தி குறைந்திருந்தது. (ஐரீனும் மூன்று குறைந்தாள். அதை யாரும் கேட்கவில்லை.)

4

சோதனை நாளன்று துரை தன் ஆபீஸ் வாசலில் நிற்க, வடிவம்மாள் ஜெலுத்தோங் வரை போய்த் திரும்பினாள். நடுவில் ஓரிடத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. அதைத் துரையிடம் அவளே சொல்லி வைத்தாள். ஐரீன் தலையில் அடித்துக்கொண்டாள். கடிதம் வரும் என்றார் துரை.

முடிவு அ: பழனியப்பன் கேட்பது. கொடியிடை, மாலை, துரையின் கைகுலுக்கல். 'பத்து' என்று எழுதிப் பட்டது போதும். ஐரீன் இதை எழுத மாட்டாள்.

முடிவு ஆ: வேலை போய்விடுகிறது. வடிவம்மாள் வாசற்படியில் —

மாட்டவே மாட்டாள்.

கடிதம் இன்று பிற்பகல் வந்தது. வடிவம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. உறையை ஐரீனிடம் கொடுத்தவள், அவள் பிரிக்கப்போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. ஜெலுத்தோங்ல ஒரு பொண்ணுக்கு வலி கண்டிருச்சாம். போய்ட்டு வந்து படிக்கலாம். நீயும் வா. தலைப்பிரசவம், கூட ஒரு ஆள் வேணும்."

"அக்கா, கதையை நாளைக்குக் கொடுக்கணும்க்கா!"

"புள்ள நாளை வரைக்கும் நிக்குமா?"

தெருவில் காமாரியா விடாமல் மணி அடிக்கிறாள். ஐரீன் பேனாவை மூடிவிட்டாள். உறை மேசைமேல் கிடக்கிறது. உங்களுக்கு அவ்வளவு அவசரமென்றால், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.