கழுத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

மேனேஜர் சரவணக்குமார் கூப்பிட்டனுப்பியபோது நதியா பாராட்டைத்தான் எதிர்பார்த்தாள். திருப்பூர் ராயபுரத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை அவளுடையது. ஊசி பட்ட ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிந்த தையல் என்று மற்றவர்கள் டியூப் லைட்டுக்குக் கீழே தேடிக்கொண்டிருப்பதை அவள் போகிற போக்கில் கண்டு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். போன வாரமும் அப்படி ஒன்றைக் கண்டிருந்தாள். ஐரோப்பாவில் ஒரு தேயிலைக் கம்பெனி தன் நூற்றைம்பதாவது ஆண்டுக்காகக் கேட்டிருந்த டி-ஷர்ட். நெஞ்சில், பழைய புகைப்படத்திலிருந்து எடுத்த ஒரு பெண். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, சுற்றிலும் தேயிலைக் கொழுந்து. அவள் கழுத்துக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு பீஸில் மட்டும் என்றால் மை தெறித்தது என்று விடலாம். எல்லாப் பீஸிலும் ஒரே இடத்தில் வந்தால் அது மை இறங்கும் ஸ்கிரீனில் விழுந்த ஓட்டை. வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்ட சாம்பிளிலும் புள்ளி இருந்தது. சாம்பிளிலேயே பழுது என்று முடிவு செய்து, பிரிண்டிங் மாஸ்டர் அய்யாசாமியிடம் சொல்லி அந்த இடத்தை டேப் ஒட்டி அடைக்க வைத்தாள். ஆயிரத்து எண்ணூறு பீஸும் சுத்தமான கழுத்தோடு காய்ந்து அடுக்காகிவிட்டன.

“அது ஓட்டை இல்லீங்களாமா,” என்றார் சரவணக்குமார், தேயிலைக் கம்பெனியின் மெயிலைப் பார்த்தபடி. “அந்தக் காலத்துல சிலோன் தோட்டத்துக்குக் கூலியாளுகளக் கப்பல் ஏத்தறப்ப கழுத்துல மாட்டி உடற டோக்கனாமா. யாரக் கேட்டு எடுத்தீங்கன்னு கேக்கறாங்க.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அச்சடிக்கும் பலகையிலிருந்து எடுத்த பீஸை மறுபடி வைத்தால் பிரிண்ட் அதே இடத்தில் பொருந்தாது, கையால்தான் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், நாளை சாயங்காலம் கண்டெய்னர் கிளம்புவதற்குள் முடியாவிட்டால் சரக்கு நின்றுவிடும், அப்புறம் அவளைச் செக்கிங்கில் வைத்திருக்க முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார், சம்பளம் குறைந்த நூல் பிசிறு வெட்டத்தான் போக வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’ சேர்த்துச் சொன்னார்.

கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். புள்ளி இப்போது வட்டத் தகரமாக இருந்தது. அதில் எண் குத்தியிருந்தது. மேலே, கழுத்துச் சதையில் அழுந்திய கயிறு. அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் வேறு யாரையோ பார்த்தாள். தன் அப்பா சிலோனில் பிறந்தவர் என்பது நதியாவுக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவரைக் குடும்பத்தோடு திருப்பி அனுப்பினார்கள் என்பதும் தெரியும். ஊர் ஊராகப் போய்க் கடைசியில் திருப்பூருக்கு வந்து சேர்ந்த கதையில், முதன்முதலில் எப்படிப் போனார்கள் என்ற பகுதி இருந்ததே இல்லை. அவளும் கேட்டதில்லை. பழுதென்று நினைத்து எடுத்தது நல்லதாகவே போயிற்று என்று பட்டது. இந்தப் பெண்ணின் கழுத்தாவது சும்மா இருக்கட்டும்.

“இல்லாமலே விட்டா என்னங்க சார்?”

“படத்துல இருக்கறது இருக்கோணுமுங்க. அத எடுக்கறதுக்கு நாம யாருங்க?”

டேபிளுக்குத் திரும்பியபோது விஷயம் அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. பக்கத்து டேபிள் சித்ராதேவி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே சொன்னாள். “நான் தாலின்னல்லங்க்கா நெனச்சேன். நீங்க போயி அறுத்துப்போட்டீங்களே.” எல்லோரும் சிரித்தார்கள். நதியாவும் சிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பும்போது, என்னால் முடியாது, பிசிறு வெட்டவே போகிறேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பாவின் பெயர் அழகுமலை, சாயப்பட்டறை ஒன்றில் இரவு வாட்ச்மேன். பகலில் வீட்டில் இருப்பார். சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டினாள், தான் செய்ததையும் சொன்னாள். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

“தகரம்ல இது,” என்றார். “எடுத்துட்டியா நீ?”

பிறகு சோற்றைப் பிசைந்தபடி, வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு ஒரு அக்கா. சின்னத்தாய். பத்து வயது. சிலோனுக்குப் போகிறவர்களை அடைத்து வைத்த மண்டபம் முகாமில் குடும்பத்தில் எல்லோர் கழுத்திலும் தகரம் கட்டினார்கள். புண்ணாகிறதென்று அந்தப் பெண் குளிக்கும்போது அவிழ்த்து வைத்து, எங்கேயோ தொலைத்துவிட்டது. கப்பல் ஏறுகிற இடத்தில் தகரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். தகரம் இல்லாதவளுக்குக் கணக்கில் ஆளே இல்லை. அடுத்த கப்பலில் அனுப்புவதாகச் சொல்லி மற்றவர்களைத் தள்ளி ஏற்றினார்கள். அடுத்த கப்பலில் அவள் வரவில்லை. அதற்கடுத்ததிலும்.

“அம்பது வருசங் கழிச்சு எங்களத் திருப்பி அனுப்புனாகள்ல. அதே மண்டபத்துலதான் எறக்கி விட்டாக. எங்கய்யா பதிவு பண்ணக்கூட நிக்கல தாயி. முகாம் முழுக்க வீடு வீடாப் போயி, பத்து வயசுல ஒரு பொம்பளப்புள்ள இருக்கான்னு கேட்டாரு.”

பிறகு மோர் கேட்டார்.

கம்பெனிக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தன் கண்ணின் மேலேயே பயமாக இருந்தது. தகரத்தைக் கட்டினவர்களும் தோட்டத்து ஆட்களே, தகரம் இல்லாதவளைக் கரையில் விட்டுவிட்டுப் போனவர்களும் அவர்களே. இப்போது வட்டத்தை வைத்தால் படத்தில் இருப்பவளுக்கு, வைக்காவிட்டால் சின்னத்தாய்க்கு என்று யாராவது ஒருத்திக்கு அவள் அநியாயம் செய்தாக வேண்டும். சும்மா இருக்கட்டும் என்று அவள் நினைத்த கழுத்துகள் ஆயிரத்து எண்ணூறும் கரையிலேயே நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. பெருமையாக எடுத்த முடிவு எந்தத் தெருவில் கழன்று விழுந்ததென்று தெரியவில்லை.

அய்யாசாமி ஒரு பிளாஸ்டிக் தாளில் அளவாக ஓட்டை வெட்டிக் கொடுத்தார். வெள்ளை மையில் தொட்ட பஞ்சால் ஒரு ஒற்று ஒற்றினால் போதும். நாலு பேரைத் துணைக்குத் தருவதாகச் சரவணக்குமார் சொன்னார். பீஸை விரித்துக் கொடுக்கவும் எடுக்கவும் மட்டும் ஆள் போதும், ஒற்றுவதைத் தானே செய்துகொள்கிறேன் என்றாள் நதியா. முதல் பீஸில் இடம் பார்க்கவே நேரம் பிடித்தது. தாளை வைத்து, பஞ்சை அழுத்தாமல் தொட்டாள். இருபது முப்பதுக்குப் பிறகு கை தானாகவே இடத்தைக் கண்டது. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. வேகம் கூடக்கூட, கயிறு முடிச்சிடுகிற ஒரு குமாஸ்தாவின் கை இப்படித்தான் பழகியிருக்கும் என்று நினைத்தாள். சித்ராதேவி எதிரே நின்று பீஸ்களை விரித்துக் கொடுத்தாள். ஒருமுறை நிமிர்ந்து நதியாவின் முகத்தைப் பார்த்தவள், அதற்குப் பிறகு தாலிப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மை காய வைக்கும் மிஷினை ஓட்டினார்கள். பெல்ட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பெண்கள் மல்லாந்து போனார்கள். மூட்டை, குழந்தை, ஈரம் மின்னும் வட்டம். நதியா மிஷினின் வாயருகே நின்று, ஒவ்வொரு கழுத்தையும் பார்த்துப் பார்த்து விட்டாள். ஒருத்திக்கு வட்டம் இல்லை. பெல்ட்டை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். உள்ளிருந்து அனல் முகத்தில் அடிக்க, பெல்ட்டின் மேலேயே அந்த ஒருத்தியின் பக்கம் குனிந்து, பஞ்சை மையில் தொட்டாள்.