இரண்டு கோட்டு நேரம்

“அந்த மூட்டையை முதல்ல நகர்த்து. வர்றவங்க உக்கார இடமில்ல” என்று கணவன் சொன்னதும் சின்னவள் குனிந்து மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்தாள். உள்ளே காவலாளிகளுக்கான சீருடைக் கோட்டுகள். ஒவ்வொன்றிலும் ஏழு பித்தளைப் பட்டன்கள். இழுத்த வேகத்தில் அவை தரையில் இடித்துச் சத்தம் போட்டன. அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. கனமா இருக்கு.”

கனமெல்லாம் ஒன்றுமில்லை. இருபது வருடமாகத் தூக்கிய மூட்டைதான். நேற்று மதியத்திலிருந்து அவளுக்குச் சத்தம்தான் ஆகவில்லை. வாசலில் நாற்காலிகளை விரித்துப் போடுகிற சத்தம், யாரோ செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற சத்தம், எல்லாமே அவள் காதுக்கு ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி விட்டு, டக், டக்.

முன்னறைக் கட்டிலில் பெரியவளைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் இருவரையும் பெரியவ, சின்னவ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆனால் இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது.

“இவதான் முதல்ல பாத்தது, பாவம்” என்று எதிர்வீட்டு டீச்சர் புதிதாக வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “கடைக்குப் போயிட்டு வர்றா. கையில பை. கதவைத் திறந்தா இந்தக் கோலம். பையைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கா.”

சின்னவள் கடைக்குப் போயிருந்ததாகச் சொன்னது உண்மை. பையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பொய்க்குப் பை வாங்கிக் கொடுத்தது டீச்சர்தான். இப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் பைக்குள் என்னென்ன இருந்தது என்றும் சொல்லிவிடுவார்.

“நீ எங்கம்மா இருந்த?” என்று நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவளின் கணவரான மூத்தார் கேட்டபோது அது தானாக அவள் வாயில் வந்துவிட்டது. “கடைக்குப் போயிருந்தேன்.” அதற்குச் சற்று முன்னால்தான் டாக்டர் வெளியே வந்து, விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று சொல்லியிருந்தார். எப்போது விழுந்தார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு மூத்தார், “வீட்ல யாருமில்லைங்க” என்று கையைப் பிசைந்தார்.

வீட்டில் ஆள் இருந்தது. முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தது.

வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. சின்னவள் முன்னறையில் பட்டன் தைப்பாள். தைத்த கோட்டை நடையில் கிடக்கும் முக்காலியில் வைப்பாள். பின்னறையிலிருந்து பெரியவள் வந்து அதை எடுத்துப்போய் உள்துணியின் ஓரத்தைக் கையால் தைத்து மடித்து மூட்டை கட்டுவாள். பேச்சு நின்ற பிறகு வீட்டிலேயே மரியாதைக்குரிய ஆள் முக்காலிதான். பெரியவளின் மகள் பாப்பா வெளியூரிலிருந்து தினமும் சின்னவளின் போனுக்குத்தான் பேசுவாள். பேசி முடித்து, “அம்மாகிட்ட குடுங்க சித்தி” என்பாள். சின்னவள் போனை முக்காலியில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவாள்.

பேச்சு நின்றது ஒரு முடிச்சினால். கட்டிங் மாஸ்டர் ஒருநாள் பட்டன் உதிர்ந்த கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவீட்டில் போட்டார். “போட்ட மொத நாளே கையோட வந்துடுச்சாம். யார் கை இது?” என்றார். பெரியவள் கோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “சின்னவ முடிச்சு. ஒத்தை முடிச்சு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை. நூல் நுனியை நாக்கில் தொட்டு, விரலில் ஒரு சுற்று சுற்றி, கட்டைவிரலால் உருட்டி இழுத்து முடிச்சுப் போடுவதில் சின்னவளை மிஞ்ச ஆளில்லை. தையலைத் தொடங்க அது போதும். முடிக்கும்போதுதான் அவளுக்கு அவசரம். வளையத்துக்குள் ஊசியை ஒரே தரம் விட்டு இழுத்து, பல்லால் கடித்து, விரல் நகம் அளவுக்கு வால் விட்டு அறுத்துவிடுவாள். பெரியவளானால் இரண்டு தரம் விட்டு, முடிச்சு துணியில் உட்காரும்வரை நகத்தால் அழுத்துவாள். பிறகு ஊசியைத் துணிக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டி, வாலை உள்ளே புதைத்துவிட்டுத்தான் வெட்டுவாள். அவள் தைத்ததைத் திருப்பிப் பார்த்தால் நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியாது.

“நாலு பேர் முன்னாடி என்னைக் காட்டிக்கொடுத்துட்டா” என்று சின்னவள் அன்று ராத்திரி கணவனிடம் அழுதாள். நாலு பேரெல்லாம் இல்லை, மாஸ்டர் ஒருவர்தான். ஆனால் அன்றோடு பேச்சு போயிற்று. வீம்புக்கு ஒற்றை முடிச்சையும் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு கோட்டுகூடத் திரும்பி வரவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “நாலு வருசமாச்சு, ஒரு பட்டனாவது உதிர்ந்துச்சா?” என்று சுவரைப் பார்த்து, பின்னறைக்குக் கேட்கிற மாதிரி, மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். பின்னறை பதில் சொன்னதேயில்லை. எப்போதாவது கத்திரிக்கோலை நங்கென்று வைக்கிற சத்தம் மட்டும் வரும்.

அதனால்தான் நேற்று கத்திரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டதும், ‘ஆரம்பிச்சுட்டா’ என்று நினைத்தாள். கூடவே கனமாக ஏதோ சரிந்தது. சாமான் மேல் கோபத்தைக் காட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டாள். பிறகு தரையில் தட்டுகிற சத்தம். மூன்று தடவை. நிறுத்தி, இரண்டு தடவை. ‘என்னைக் கூப்பிட வாய் வரல, தரையைத் தட்டுறா. வாயைத் திறந்து கூப்பிடட்டுமே, என்ன குறைஞ்சா போயிடுவா?’ சின்னவள் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். கூட்டி வைத்துவிட்டு, மடியில் இருந்த கோட்டை முடித்து, அடுத்ததையும் எடுத்து முடித்தாள். இரண்டையும் முக்காலியில் வைக்கப் போனபோதுதான் பின்னறை வாசலில் பாதம் ஒன்று மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள்.

“யக்கா” என்றாள். நான்கு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை.

மதியத்துக்குச் சற்று முன்னால் கட்டிங் மாஸ்டர் வந்தார். கட்டிலின் அருகே வெகுநேரம் கைகட்டி நின்றார். உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு சின்னவளைத் தேடி நடைக்கு வந்து, சுவரில் எதையோ பார்ப்பதுபோல நின்றார்.

“கேக்கவே வாய் வரலம்மா.”

“கேளுங்க மாஸ்டர்.”

“அந்தக் கோட்டு... சாயங்காலம் வண்டி வருது. ஆனது மட்டும் போதும். பாக்கியை நான் கடையிலயே பாத்துக்கறேன். தப்பா நினைக்காத.”

“எடுத்து வைக்கிறேன்.”

அவளுக்கு அது உதவியாகத்தான் இருந்தது. முன்னறையில் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மூட்டையை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். நேற்றைக்குப் பிறகு அவள் அங்கே கால் வைப்பது இப்போதுதான். சுவரில் சாய்த்து வைத்திருந்த தலையணை இன்னும் குழிந்திருந்தது. பக்கத்தில் பாதி தைத்த கோட்டு ஒன்று, உட்புறம் மேலே தெரியக் குப்புறக் கிடந்தது.

உள்துணியின் ஓரத்தில் ஊசி இருக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். ஓரம் முழுக்கத் தைத்தாகிவிட்டது. ஊசி முன்பக்கத்தில் இருந்தது. நாலாவது பட்டனின் அடியில் பாதி குத்தியபடி நின்றது. ஊசியில் கறுப்பு நூல். நூல் நுனியில் புதிதாய்ப் போட்ட முடிச்சு.

பட்டன் தைப்பது பெரியவளின் வேலை இல்லையே என்று முதலில் குழம்பினாள். பிறகு நாலாவது பட்டனைத் திருப்பிப் பார்த்தாள். அவள் விட்டு அறுத்த நூல் வால் இருந்தது. ஐந்தாவதிலும், ஆறாவதிலும், ஏழாவதிலும் இருந்தது. மேலே முதல் மூன்றிலும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தாள். பட்டன் அசையவில்லை. நாலாவதை இழுத்ததும் நூல் இளகி ஆடியது.

மூட்டையை அவிழ்த்தாள். முதல் கோட்டைத் திருப்பினாள். வால் இல்லை. இரண்டாவது கோட்டிலும் இல்லை. ஒவ்வொன்றாக உதறி, மடிப்புக் கலைத்து, அறை முழுக்கப் பரப்பினாள். அவள் கையால் தைத்த கோட்டுகள்தான் அத்தனையும். ஒன்றில்கூட அவள் முடிச்சு இல்லை. எல்லாம் இரட்டை முடிச்சாக உட்கார்ந்து, வால் துணிக்குள் போய்விட்டிருந்தது.

நாலு வருசமாச்சு, ஒரு பட்டனாவது உதிர்ந்துச்சா? தன் குரல் தன் காதிலேயே கேட்டது. அவள் கோட்டுகளின் நடுவே உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பெரியவளுக்காகவா, தன் வெட்கத்துக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. விழுந்த நிமிடத்தில் பெரியவள் செய்துகொண்டிருந்தது இவளுடைய வேலையை. கூப்பிட்டதும் இவளைத்தான். இனி அந்த வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது அவளைக் கூப்பிடுகிற சத்தமாகத்தான் இருக்கும்.

“சித்தி.”

பாப்பா வாசலில் நின்றாள். இருபத்தெட்டு வயதாகியும் பாப்பாதான். காலையில் பஸ்ஸில் இறங்கி வந்ததிலிருந்து அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. பாப்பாவுக்குத் தலை வாரியதும், பல் விழுந்தபோது தூக்கி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டியதும் அவள்தான். நாளை முதல் அந்த போன் வருமா வராதா என்பது இனி தான் சொல்லப்போவதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“என்ன சித்தி, எல்லாத்தையும் இப்படிப் பரப்பி வச்சிருக்கீங்க?”

“மாஸ்டர் கேட்டாரு.”

பாப்பா கோட்டுகளை ஒதுக்கிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதையும் எப்போது, எவ்வளவு என்றுதான் கேட்பாள். “ஒரு நொடியில போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்க எத்தனை மணிக்குக் கடைக்குப் போனீங்க?”

சின்னவள் பக்கத்தில் கிடந்த கோட்டின் மடிப்பை நீவிவிட்டாள்.

“அம்மா யாரையாவது கூப்பிட்டிருப்பாங்களோ சித்தி? அதுவே உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. கூப்பிட்டு, யாரும் வரலியேன்னு கிடந்திருப்பாங்களோ?”

‘இல்லடா, தூங்குற மாதிரிதான் இருந்தாங்க’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பையும் அதுவுமாகப் பொய் தயாராக இருந்தது. காலையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

“கூப்பிட்டாங்க” என்றாள். எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்தபடி அதைச் சொல்ல அவளுக்கு வரவில்லை. “தரையைத் தட்டினாங்க. நான் கடைக்குப் போகல பாப்பா. முன்னாடி ரூம்லதான் இருந்தேன்.”

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

“கோவத்துல தட்டுறாங்கன்னு நினைச்சேன். ரேடியோவைக் கூட்டி வச்சேன்.”

முன்னறையில் யாரோ இருமினார்கள். டீச்சர் தண்ணீர் கேட்கும் குரல் வந்தது. பாப்பாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று சின்னவள் காத்திருந்தாள்.

“எவ்ளோ நேரம்?”

“மணி பாக்கல.”

“எவ்ளோ நேரம் சித்தி?”

“ரெண்டு கோட்டு.”

இதை வேறு யாரிடமாவது சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். பாப்பா இந்த வீட்டில் வளர்ந்தவள். பசிக்கிறது என்றால் ஒரு கோட்டு பொறு என்றும், விளையாடப் போனால் மூணு கோட்டுக்குள் வந்துடு என்றும் இரண்டு பேரிடமும் கேட்டு வளர்ந்தவள்.

“எந்த ரெண்டு?”

சின்னவள் நடையைக் காட்டினாள். முக்காலியில் அவை நேற்று போட்டபடியே கிடந்தன. சாவுக்கு வந்தவர்கள் யாரும் அவற்றைத் தொடவில்லை. பாப்பா எழுந்து போய் இரண்டையும் எடுத்துவந்து மறுபடி சுவரோரம் உட்கார்ந்தாள். முதல் கோட்டை மடியில் விரித்தாள். மேல் பட்டனை இரண்டு விரலில் பிடித்துத் திருப்பி, அடியில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பார்த்தாள். அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. ஊசி உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி போய் வந்து, அந்தப் பட்டனைத் தைத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இரண்டாவது பட்டனுக்குப் போனாள்.

“பாப்பா, நேரமாகுதும்மா. எடுக்கணும்” என்று சின்னவளின் கணவன் வாசலில் வந்து நின்றான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பாப்பா தலை நிமிரவில்லை. மூன்றாவது பட்டனில் இருந்தாள்.

“வருவா, போங்க” என்றாள் சின்னவள்.

அவளுக்குக் கால் மரத்துவிட்டது. உட்காரத் தோன்றவில்லை. அந்த இடத்தைவிட்டு நகரவும் முடியவில்லை. அறை நிறையப் பித்தளைப் பட்டன்களுடன் கோட்டுகள் கிடந்தன. ஏழாவது பட்டனை விட்டதும் பாப்பா அந்தக் கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு இரண்டாவதை எடுத்து மடியில் விரித்தாள்.