மிச்சம் மூன்று

அந்தமானில் எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டில் என்னை டாக்டரம்மா என்று கேலி செய்பவர்கள் உண்டு. பார்ப்பது வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர் வேலை, வாய் மட்டும் டாக்டருடையது என்பார் என் கணவர் சுதாகர். வாய் இல்லாவிட்டால் இந்த வேலையை யார் பார்ப்பது?

எங்கள் மகள் காவேரிக்குச் சிக்கிள் செல் நோய். மழையில் நனைந்தாலோ தண்ணீர் குடிக்க மறந்தாலோ கைகால் வலி பின்னியெடுத்துவிடும். அந்தக் குறை எங்கள் இருவர் ரத்தத்திலும் பாதி பாதி இருக்கிறது. எங்களை ஒன்றும் செய்யாமல் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தடுப்பூசிக்குக் கூட்டிப்போகும் குழந்தைகளைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கவே மனம் வராது. எங்களைப் போன்ற பெற்றோருக்கு நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அந்த ஒன்று காவேரி. மிச்சம் மூன்றும் நல்லபடியாகப் பிறக்கும் என்று சொல்லிச் சொல்லியே சுதாகரைச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

நேற்று சுகாதார நிலையக் கூட்டத்தில் டாக்டர் நந்தகுமார் இந்தக் கணக்கைக் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"அரே, அப்படி இல்லம்மா," என்றார் அவர். "ஒவ்வொரு தடவை உண்டாகும்போதும் நாலுல ஒரு பங்கு பயம் இருக்கு. மூத்ததுக்கு வந்துடுச்சேன்னு அடுத்ததை விட்டுடாது."

கூட்டம் முடியும்வரை தலை நிமிரவில்லை. மனதுக்குள் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளையை யாரோ பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து சுதாகரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மெயின்லேண்ட் போனா வயித்துல இருக்கும்போதே டெஸ்ட் பண்ணிச் சொல்லிடுவாங்களாம்," என்றேன்.

"சொன்னா? காவேரி மாதிரின்னு சொன்னா, வேணாம்னுடுவியா அலமு?"

முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருந்த காவேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பாப்பாவுக்கும் வந்தா வரட்டும்மா," என்றாள். "வலிச்சா எப்படிப் படுத்துக்கணும்னு நான் சொல்லித் தர்றேன்."

சுதாகர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஆசை அங்கேயே விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதுவரை எனக்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையை அந்த நிமிடத்திலிருந்து காவேரிக்காகவும் கேட்கத் தொடங்கினேன்.