ஆறாவது கைப்பிடி

செத்த மனிதனின் பெட்டியைத் தூக்க ஒரு கை வேண்டுமென்றால், அன்றைக்கு அலபாமாவில் அதன் விலை எண்ணூறு டாலர். வெளியே அந்த விலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்ட டிக்கெட் தனக்குச் சும்மா கிடைத்துவிட்டதால் வர முடியாது என்று ராய்ஸ் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பெரியப்பா இருந்திருந்தா, போய்ட்டு வாடான்னுதான் சொல்லியிருப்பாரு, வெர்னா.”

“அவர் இருந்திருந்தா நான் உன்னயக் கூப்பிட்டிருக்கவே மாட்டேனே,” என்று வெர்னா போனை வைத்தாள்.

வைத்த கையோடு அடக்க நிலையத்துக் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தாள். பதினொரு மணிக்கு அடக்கம், இரண்டரைக்கு ஆட்டம். கால்வர்ட் கல்லூரியின் சிவப்பும் ஹார்ட்வெல் கல்லூரியின் நீலமும் வருடத்தில் ஒரே ஒரு முறை மோதிக்கொள்ளும் சனிக்கிழமை அது. அந்தத் தேதியில் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பிரசவத்தைக்கூட ஒருநாள் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரைக் கேட்டுப் பார்ப்பார்கள். இருபது வருடமாகப் போர்ட்லண்டில் உட்கார்ந்து இந்தச் சனிக்கிழமைகளை மெனக்கெட்டு மறந்திருந்தாள் வெர்னா. அவள் தேதியைச் சொன்னபோது, அடக்க நிலையம் நடத்தும் டில்லரி போனில், நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா மேடம் என்று மெதுவாகக் கேட்டார். துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்து, ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

அப்பா கார்வின் பிக்கெட், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு முப்பது வருடம் நடுவராக ஓடியவர். அதனால் வீட்டுக்குள் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடமில்லை. கார் பழுப்பு, திரைச்சீலை பழுப்பு, வெர்னா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன கோட்டும் பழுப்பு. உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டதற்கு, கடிகாரத்தை என்றார்.

ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன்னைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளக் கூடாது, ஆறு பேர் கையால் தூக்க வேண்டும். மைதானத்திலிருந்து அடிபட்டு வண்டியில் போன பையன்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். பேச்சு நின்ற பிறகு வலது கை மட்டும் இடுப்பைத் துழாவிக்கொண்டே இருந்தது. வலி போலிருக்கிறது என்று நர்ஸ் ஊசி போட்டாள். தப்பாட்டம் ஆடினால் நடுவர் வீசும் மஞ்சள் கொடியைச் செருகி வைக்கும் இடம் அது என்று வெர்னாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவரோடு விசில் ஊதியவர்கள் வருவார்கள் என்று நம்பியிருந்தாள். இன்றைய ஆட்டத்துக்கு நடுவர்களே அவர்கள்தான்.

வந்திருந்தது நான்கு பேர். எதிர்வீட்டு ஹாலிஸும் அவன் தம்பியும் சிவப்பு டை. முடிவெட்டும் டூலியும் அவர் மருமகனும் நீலக் கோட்டு. அடக்கம் முடிந்ததும் மைதானத்துக்கு ஓட வேண்டியவர்கள். கையில் பன்றிக்கறி ரொட்டியோடு, உங்கள் பையன்கள் பந்தைப் பிடிப்பதைவிட நான் இதை உருப்படியாகப் பிடிக்கிறேன் என்று ஹாலிஸைச் சீண்டிக்கொண்டிருந்தார் டூலி. டில்லரியின் வேலையாட்களும் டிக்கெட்டோடு போய்விட்டார்கள். அவருக்கோ முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வண்டி தயாராக இருக்கிறது மேடம் என்று அவர் இரண்டாம் முறை வந்து சொன்னபோது வாசல் கதவு திறந்தது.

சிவப்பு ஜாக்கெட்டில் ஒரு மலை போன்ற ஆள். டூலியின் ரொட்டி பாதி வழியில் நின்றது.

டெரோன் மேஜட், கால்வர்ட்டின் பழைய ஆட்டக்காரன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடைசி நொடிகளில் பந்தோடு தனியாக ஓடியவன், எல்லைக்கோட்டைத் தொடப் பத்தடி இருக்கையில் திரும்பி, துரத்தி வந்த நீலக்காரனிடம் பந்தை நீட்டி ஆட்டிக் காட்டினான். பிக்கெட் கொடியை வீசினார். எதிராளியை அப்படி எகத்தாளம் செய்தால் கோட்டைத் தாண்டி எடுக்கும் டச்டவுன் புள்ளிகள் செல்லாது என்பது சட்டம். கால்வர்ட் தோற்றது. அந்த வாரமே யாரோ பிக்கெட் வீட்டுப் புல்வெளியில் மேஜட்டின் சட்டை எண்ணை உப்பால் எழுதிவிட்டுப் போனார்கள். வெகுகாலம் அந்த இடத்தில் புல் முளைக்கவில்லை.

வெர்னா பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“எங்கப்பா மேல இருக்கிற கோவத்த இன்னைக்கு இங்க காட்டாதீங்க.”

“கோவம் இருக்கு மேடம். அது போகாது,” என்றான். “நான் ஆட்டினது தப்புதான். ஆனா பத்தொம்பது வயசுப் பையன், கடைசி நிமிஷம். விட்டிருக்கலாம் அவரு.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினான்.

“ஆட்டம் முடிஞ்சதும் பாட்டில் பறந்து வந்துச்சு. எங்க ஆளுங்கதான், என்னையக் குறி பாத்து. எங்க கோச் உள்ள போயிட்டாரு. உங்கப்பா கூட்டத்துப் பக்கமா வந்து என்னைய மறைச்சுக்கிட்டு, வாசல் வரைக்கும் என்கூடவே நடந்தாரு. அவரு நெத்தியில ரத்தம். தொடைக்கக்கூட இல்ல.”

அந்தத் தழும்பு வெர்னாவுக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போனில் சொல்லியிருந்தார்.

ஹாலிஸ் கொஞ்சம் நகர்ந்து மேஜட்டுக்கு இடம் விட்டான்.

யாரும் சொல்லாமலே சிவப்பெல்லாம் இடப்பக்கமும் நீலமெல்லாம் வலப்பக்கமும் போய் நின்றன. தூக்கியதும் பெட்டி வலப்பக்கம் சரிந்தது. மறுபடி கீழே வைத்தார்கள். நான் வருகிறேன் என்று, ஜெபத்துக்கு வந்திருந்த பாஸ்டர் வேதப் புத்தகத்தை நாற்காலியில் வைத்தார். அவர் காலுறை அப்பட்டமான நீலம்.

“வேணாம் பாஸ்டர். நீங்க ஜெபத்தப் பாருங்க.”

வெர்னா குதிகால் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளினாள். பழுப்புக் கோட்டின் கையை மடித்துக்கொண்டு, டூலிக்குப் பின்னால் காலியாக இருந்த கைப்பிடியைப் பற்றினாள்.

டூலி திரும்பிப் பார்த்தார். “அப்போ நீ எங்க பக்கம்தானாம்மா?”

“கைய இறுக்கிப் பிடிங்க டூலி. வழுக்கும்.”

தூக்கினார்கள். சிவப்பு மூன்று, நீலம் இரண்டு, பழுப்பு ஒன்று. பெட்டி எந்தப் பக்கமும் சாயாமல் வாசலைத் தாண்டியது.