டிஸ்க்கில் ஒன்றுமில்லை

ஹியூபேட் முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு கீபோட் வாங்க. வாங்கிக்கொண்டு போகும்போது என்னோடு வாக்குவாதப்பட்டுவிட்டுப் போனார்.

வெள்ளவத்தையில் காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் என் கடை. பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டர் செய்து விற்பது, பழுது பார்ப்பது. கிராண்ட்பாஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரர். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளாக். மெலிந்த ஆள், சேட்டுப் பையில் எப்போதும் இரண்டு பேனை. அன்றைக்கு நான் யாருடையவோ மெசினுக்கு விண்டோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்த சீடியைப் பார்த்தார்.

"இது ஒறிஜினலா?"

"ஒறிஜினல் போட்டா இந்த வெள்ளவத்தையில ஒரு மெசினும் விக்க ஏலாது" என்றேன்.

"அப்ப களவு."

"எல்லாரும் போடுறதுதானே."

"களவெடுக்கத் தேவையில்லாம, சும்மா எடு எண்டு தாற ஒண்டு இருக்கு. அதை ஒருத்தரும் போடுறேல்லை." பையைத் திறந்து ஒரு லினக்ஸ் சீடியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து நேரே வந்தார், நான் அதைப் போட்டுப் பார்த்தேனா என்று கேட்க. பார்க்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு நாலு வருடம், சனிக்கிழமை பின்னேரம் என்றால் அவர் என் கடையில்தான். பாலில்லாத பிளேன்ரீ குடித்தபடி ஒரே சண்டை.

என் கட்சி சுலபமானது. "பேங்கில அது, ஸ்கூல்ல அது, ஒபிஸ்ல அது. சனம் கேக்கிறதும் அதத்தான். ரோட்டில எல்லாரும் இடப்பக்கம் போகக்குள்ள நான் மட்டும் வலப்பக்கம் போனா அடி எனக்குத்தான்."

அவர் கோபப்படமாட்டார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடும் 'நானா'வோடு தொடங்கி, கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொல்லுவார். "நானா, பெரிய கொம்பனிக்கு நம்மட பாசை ஒரு சந்தை. சந்தை பெரிசெண்டா கவனிப்பான், சின்னனெண்டா பிறகு பாப்பம் எண்டுவான். அது பிழையெண்டு நான் சொல்லேல்லை, யாவாரி அப்பிடித்தான். ஆனா எனக்கு வேண்டியதை நானே செய்துகொள்ளக்கூடிய சாமான் ஒண்டு கையில இருக்கேக்குள்ள, நான் ஏன் அவன்ர வாசல்ல போய் நிக்க வேணும்?"

வெறும் பேச்சோடு அவர் நிற்கவில்லை. லினக்ஸின் மெனு, பொத்தான், பிழைச்செய்தி எல்லாவற்றையும் தமிழாக்கிக்கொண்டிருந்தார். எழுத்துப்பிழை பார்க்கும் புரோகிராமுக்கு ஒரு சொற்பட்டியலும் தயாரித்தார். அதுதான் அவருடைய உயிர். அதுவரை அவர் பார்த்த பட்டியல்கள் நாங்கள் பேசும் சொற்களுக்குச் சிவப்புக் கோடு போட்டன. நாற்காலி சரி, கதிரை பிழை. பாவனை சரி, பாவிக்கிறோம் பிழை. "இந்த ஊரில பிறந்து வளர்ந்து கதைச்சதெல்லாம் பிழையாம்" என்று சிரித்தார். பத்திரிகை, கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல், கலியாணக் காட் என்று கண்டதிலெல்லாம் சொல் எடுத்தார்.

"எங்கட சொல்லுகளும் ஈக்கா?" என்று, முஸ்லிம் வீடுகளில் புழங்கும் சொற்களை நினைத்து ஒருநாள் கேட்டேன். அவர் உடனே பேனையை எடுத்தார். என் மனைவி ஹமீமாவிடம் கேட்டுக் கேட்டு நான் எழுதிக் கொடுத்தேன். கூடியிருந்து சாப்பிடும் சஹன், தேங்காய்ப்பாலில் அவிக்கும் வட்டிலப்பம், பிரேதத்துக்குச் சொல்லும் மையித்து, நோன்புக்கஞ்சி. நானூறுக்குக் குறையாது. நானும் அந்த வேலையில் சேர்ந்துவிட்டேன் என்பதை அவர் என்னைவிட முதலில் கண்டுகொண்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு கேக் பெட்டி கொண்டுவந்தார்.

"செய்தவரைக்கும் அந்தக் குழுவுக்கு அனுப்பிவிடுங்களேன்" என்று பல தடவை சொன்னேன். வெளிநாட்டிலும் இங்கேயும் இருந்து இதே வேலையைச் செய்யும் ஆட்களின் குழு ஒன்று இருந்தது.

"அரைகுறையா அனுப்ப மனம் வருகுதில்லை. முடிச்சுப்போட்டு அனுப்புறன்."

அதற்குப் பதிலாக என்னிடம் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி அதே மெசினுக்குள் பூட்டிக்கொண்டார். ஒன்று பழுதானால் மற்றதில் பிரதி இருக்குமாம். பூட்டிக் கொடுத்ததும் நான்தான்.

2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பூசை முடிந்து சனம் வீட்டுக்கு வந்திருந்த நேரம், ஹியூபேட்டின் ஒழுங்கையைப் பொலிஸ்காரர் சுற்றி வளைத்துவிட்டார்கள். அந்த யுத்த நாட்களில் அது புதினமில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, அலுமாரியைத் திற, கட்டிலுக்குக் கீழே பார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஹியூபேட் வீட்டில் மட்டும் அப்படிப் போகவில்லை. மெசின் வேலை செய்துகொண்டிருந்தது. சொற்பட்டியலை அடுக்கும்படி விட்டிருந்தார். கறுத்த திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது, ஆங்கிலமும் தமிழும் கலந்து. ஒரு கொன்ஸ்டபிள் அதைக் கண்டு அதிகாரியைக் கூப்பிட்டான்.

"மேக்க மொகக்த?" என்று அவர் கேட்டார்.

இது என்னவென்று கேட்டவருக்கு, ஹியூபேட் லினக்ஸ் என்று பதில் சொன்னார். விண்டோஸ் எங்கே என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார். ஏன் இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாலு வருடமாக எனக்குப் பதில் சொன்ன மனுசன் அன்றைக்குச் சிங்களத்தில் அதைச் சொல்லத் தெரியாமல் திரையை மட்டும் கையால் காட்டினாராம். மெசினையும் அச்சடித்து வைத்திருந்த தாள்களையும் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதினொரு மணிபோல அவருடைய மனைவி செலீன் எனக்குப் போன் எடுத்தா. "அவர் உங்களைக் கூப்பிடச் சொன்னவர், நானா. உங்களுக்குச் சிங்களம் நல்லா வரும். கம்ப்யூட்டரும் தெரியும்."

எனக்குப் பயம் பிடித்தது. மறைக்கவில்லை. சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றேன். ஹமீமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "போகாட்டி நாளைக்கு அவங்கட முகத்த எப்பிடிப் பாப்பீங்க?" என்று மட்டும் கேட்டா. போனேன்.

பொலிஸ் நிலையத்து வாசல் கேற்றடியில் செலீன் குடை பிடித்துக்கொண்டு நின்றா. உள்ளே விடவில்லையாம். என்னுடைய அட்டையை வாங்கிப் பார்த்து என்னை மட்டும் விட்டார்கள். ஹியூபேட் ஒரு பெஞ்சில் இருந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டு அப்படியே இருந்தது. அடிக்கவில்லை. எழும்பப் பார்த்தார், இரு என்று சைகை காட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனுசனாகத் தெரியவில்லை. ஐம்பது வயதிருக்கும், தூக்கம் கெட்ட கண். மேசையில் அந்தத் தாள்கள் கிடந்தன. சொற்பட்டியலில் 'கு' வரிசை. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் 'குண்டு' என்ற சொல்லில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அதற்கு மேலும் கீழும் உள்ளதை வாசிக்கச் சொன்னார். குண்டலம், குண்டன், குண்டு, குண்டுமணி, குண்டூசி. ஒவ்வொன்றுக்கும் நான் சிங்களத்தில் பொருள் சொன்னேன். குண்டூசி என்றதும் அவர் இலேசாகச் சிரித்துவிட்டுத் தாள்களை ஒரு பக்கம் தள்ளினார். தாளில் இருந்தது அவருக்கு விளங்கிவிட்டது.

மெசினில் இருந்ததுதான் விளங்கவில்லை.

கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த ஒரு சார்ஜன்ட் அங்கே இருந்தார். ஹியூபேட்டின் டிஸ்க் இரண்டையும் கழற்றி நிலையத்து மெசினில் பூட்டியிருந்தார். அது விண்டோஸ் மெசின். லினக்ஸ் எழுதிய டிஸ்க்கை அதற்கு வாசிக்கத் தெரியாது. டிஸ்க்கைத் திறக்கப்போனால் ஒரு சின்னப் பெட்டி வரும். இந்த டிஸ்க் இன்னும் ஃபோமட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்கும். செய்தால் உள்ளே இருப்பது அழிந்துபோகும். கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

சார்ஜன்ட் திரையை என் பக்கம் திருப்பிச் சிங்களத்தில் கேட்டார். "பாஸ்வேட் போட்டுப் பூட்டி வச்சிருக்கா, இல்லாட்டி வெறுசா?"

"ரெண்டும் இல்ல, சேர். இது வேற சிஸ்டம். டிஸ்க் நிறைய சாமான் ஈக்கி. அத வாசிக்க இந்த மெசினுக்குத் தெரியாது. இவர்ட மெசினத் தந்தா நானே திறந்து காட்டுவன்."

"இவர்ட மெசின்ல இவர் காட்ட நினைக்கிறதுதானே வரும்" என்றார் சார்ஜன்ட். பிழையான பேச்சென்று சொல்ல முடியாது.

நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு கடுதாசியைச் சிங்களத்தில் எழுதினால் தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு வாசிக்க ஏலாது, அதற்காக அது வெற்றுத்தாள் இல்லை என்றேன். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிய, "உலகத்தில எல்லாரும் பாவிக்கிறது ஒண்டு ஈக்கக்குள்ள இந்த ஆள் ஏன் வேறயொண்டு பாவிக்கிறார்?" என்றார்.

அது நான் சனிக்கிழமை தோறும் கேட்ட கேள்வி.

"நான் ரிப்போட்டில ஒரு சொல் எழுத வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "பூட்டியிருக்கெண்டு எழுதினா டிஸ்க் தலைமையகத்துக்குப் போகும். ஆளும் போகும். அவங்க பாத்துச் சொல்ல ஒரு மாசமோ மூணு மாசமோ, எனக்குத் தெரியாது. அது என்ர கையில இல்ல. வெறுசெண்டு எழுதினா விசயம் இங்கேயே முடிஞ்சுது."

நான் ஹியூபேட்டின் பக்கம் திரும்பினேன். தமிழில் கதைக்கக் கூடாது என்று முதலே சொல்லியிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையிலிருந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கேற்றடியில் யாரோ யாரையோ போகச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் தலையைத் திருப்பாமலே, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

"ஹிஸ், சேர்."

வெறுமை என்று அர்த்தம்.

"அப்ப ஃபோமட் பண்ணினா ஒண்டும் இல்லாமப் போகாது" என்றார் சார்ஜன்ட். என்னை அவருடைய கதிரையில் இருக்கச் சொன்னார். "நீங்கதானே சாட்சிக்கு வந்தது. நீங்களே அமத்துங்க."

ஆம் என்ற பொத்தானை நான்தான் அமத்தினேன். பச்சைக் கோடு மெதுமெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. முதல் டிஸ்க்குக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. எனக்குத் தேநீர் தந்தார்கள். குடித்தேன். முடிந்தவுடன் சார்ஜன்ட் மற்ற டிஸ்க்கைக் காட்டினார். அதே பெட்டி, அதே கேள்வி. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் அமத்தினேன். இந்தத் தடவை ஹியூபேட் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவரிடம் கேட்டபோது, சொற்களை நினைவுபடுத்திப் பார்த்ததாகச் சொன்னார். 'அ' வரிசையில் இருநூறுகூடத் தாண்டவில்லையாம்.

நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். மெசினையும் தந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னிடம், "வீட்டுக்குப் போய் இதுக்கு விண்டோஸ் போட்டுக் குடுங்க. நல்லதுக்குத்தான் சொல்றன்" என்றார். உண்மையிலேயே நல்லதுக்குத்தான் சொன்னார்.

மெசினை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் மூன்று பேரும் போனோம். வீட்டு வாசலில் ஹியூபேட், "நானா, மெசினை நீங்க கொண்டுபோங்க. அவர் சொன்ன மாதிரிச் செய்யுங்க" என்றார்.

செய்யவில்லை. கடைக்குக் கொண்டுபோய், அழிந்ததைத் தோண்டி எடுக்கும் புரோகிராம்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெட்டி ஃபோமட் என்று சொன்னாலும் எல்லாவற்றையும் மேலெழுதிவிடுவதில்லை, சிலது தப்பும் என்று படித்திருந்தேன். மூன்று கிழமையில் இரண்டாயிரத்து முந்நூறு துண்டு கிடைத்தது. ஒன்றுக்கும் பெயரில்லை. பாதி வெறும் குப்பை. மிச்சத்தில் ஒரு சொல்லின் வாலில் தொடங்கி இன்னொன்றின் தலையில் முறிந்துபோகும் பட்டியல்கள். நான் கொடுத்த வட்டிலப்பம் மூன்று இடத்தில் வந்தது, சஹனைக் காணவில்லை. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு தேறலாம் என்று தோன்றியது. ஒரு சீடியில் எழுதி வைத்தேன்.

ஹியூபேட் சனிக்கிழமைகளில் வரவில்லை. வந்தது செலீன், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மெசின் சரியா என்று கேட்க. துண்டுகள் கிடைத்ததை நான் சந்தோசமாகச் சொன்னேன். அவவின் முகம் மாறியது.

"அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க, நானா."

"அது அவர்ட சாமான், செலீன்."

"தெரியும். நாலு வருசம் வேலையால வந்து அதுக்கு முன்னாலதான் இருந்தவர். என்ன சொல் சேத்தவர் எண்டு சாப்பிடேக்குள்ள எனக்குத்தானே சொல்லுவார்." கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே பேசினா. "இதைக் குடுத்தா நாளைக்கே தொடங்குவார். அவங்கள் திரும்ப வருவாங்கள். வராமலும் விடலாம். ஆனா அண்டைக்கு அஞ்சு மணித்தியாலம் நான் அந்தக் கேற்றடியில நிண்டனான். இன்னொருக்கா என்னால ஏலாது."

அவர்கள் வரமாட்டார்கள் என்று சொல்ல நான் யார்?

சீடியைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டா. "நேரம் வரேக்குள்ள நானே குடுக்கிறன்" என்றா. கொடுத்தேன். என் மெசினில் இருந்த பிரதியையும் அழித்துவிட்டேன், அவ கேட்காமலே. கடையையும் சோதிப்பார்கள் என்ற பயம். அதற்குப் பிறகு ஹியூபேட்டின் மெசினுக்கு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், துறைமுகத்தில் தாமதமாகும் கப்பல், மழை என்று கதைத்தோம். என் கையில் என்ன சீடி என்று அவர் பார்ப்பதில்லை. நானாகவே ஒருநாள், "லினக்ஸ்ல புதுசு ஒண்டு வந்திருக்காமே" என்று தூண்டிப் பார்த்தேன்.

"வரும்தானே" என்றார்.

அடுத்த வருடம் நாட்டில் யுத்தம் முடிந்தது. காலி வீதியில் வெடி கொளுத்தினார்கள். அந்தக் கிழமையும் ஹியூபேட் வந்தார். செலீன் சொன்ன நேரம் வந்துவிட்டதா, அவ கொடுத்துவிட்டாவா, கொடுத்தும் அவர்தான் தொடவில்லையா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவரிடம் கேட்டால், அவ இன்னும் கொடுக்காமலிருந்தால், அவவைக் காட்டிக்கொடுத்ததாகும். அவவிடம் போய்க் கேட்க எனக்கு என்ன உரிமை? ஜன்னலைச் சாத்திவிட்டு, வெடிச்சத்தத்துக்கு மேலால் அவரிடம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை எப்படி என்று கேட்டேன். மூத்தவளுக்குக் கணக்கு கொஞ்சம் கஷ்டம் என்றார்.