நாற்பது வருட மருந்து

கரமனை சிவதாணு கொசுவைக்கூட அடிக்க மனம் வராத சுத்த சைவம். ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர். அப்பா வைத்துவிட்டுப் போன, வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி அது. தேர்தல்தோறும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வரும்போது, புலி வேட்டை முடிந்து வருகிறவர் மாதிரி தெருவெல்லாம் சவடால் அடிப்பார். சவடால் சும்மா போகுமா? மலையடிவாரப் பஞ்சாயத்து மெம்பர் சுதீஷ் காதுவரை போய்விட்டது.

“சாரே, காட்டுப்பன்னி மரச்சீனிக் கிழங்கு மொத்தம் கிளறி நசிப்பிச்சு. சுட உத்தரவு உண்டு. தோக்கோட நாளைக்கு வரணும்” என்று போனில் துப்பாக்கியோடு வரச் சொன்னான்.

மாட்டேன் என்றால் தெருவில் தலைகாட்ட முடியாது. போனால் ஓர் உயிர் போகும். கலங்கிப்போய் இருந்தவருக்குப் பரண்மேல் கிடந்த மருந்து டப்பா ஞாபகம் வந்தது. நாற்பது வருடப் பழசு! எங்கே வெடிக்கப்போகிறது? விசையை இழுத்தால் புஸ்ஸென்று போகும். மருந்து பழசு என்று கையை விரித்துவிட்டு வந்துவிடலாம். மனைவி நீலாம்பாளிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டப்பாவையும் துணி சுற்றிய உண்டையையும் பையில் எடுத்து வைத்தாள்.

மறுநாள் மாலை ஊரே பின்னால் நின்று பார்க்க, மருந்தைப் போட்டு, உண்டையை இறக்கி, கம்பியால் கெட்டித்தார். பன்னி வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

மலை அதிர்ந்தது. பன்னி அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓட, புகைக்குள் மல்லாந்து கிடந்த சிவதாணுவைத் தூக்கி நிறுத்திக் கைதட்டினார்கள். அவருக்கு அந்த அலறல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. “பாவி நான், அது எந்தப் புதர்ல கிடந்து துடிக்கோ” என்று விம்மினார்.

நீலாம்பாள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஈய உண்டையை எடுத்து அவர் இலையோரம் வைத்தாள். “நீங்க சுட்டது புளி உருண்டை. துணியச் சுத்தி வச்சது நாந்தான்.”

“அப்போ மருந்து வெடிக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“பரண்ல ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்துல வச்சு காப்பாத்துனது யாரு? ஈரம் அண்டாம இருந்தா அது எந்தக் காலத்துல கெட்டுது? சொன்னா நீங்க போயிருப்பேளா? போவாம இருந்தா நாளைக்குத் தெருவுல எப்பிடி நடப்பேள்?”

சிவதாணுவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடிக்கும்போது போன் அடித்தது. சுதீஷ்தான். பன்னி அந்தப் பக்கமே தலைகாட்டவில்லையாம்; பக்கத்து வார்டுக்காரர்களும் சாரையே கேட்கிறார்களாம்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு சிவதாணு திருதிருவென்று விழித்தார். நீலாம்பாள் புளி ஜாடியை இழுத்து முன்னால் வைத்தாள்.

“எத்தன பன்னின்னு கேளுங்க.”