தொலையாத பார்க்கிங் சீட்டு

தீப்பிடித்த கட்டடத்தின் நிலத்தடி பார்க்கிங் தளங்களைப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் திறந்துவிட்டார்கள். அதுவரை நிர்வாகம் வாசலைப் பூட்டி வைத்திருந்தது. உள்ளே மாட்டிய வண்டியை எடுக்க ஒருவரையும் விடவில்லை. இப்போது அவன் காரை எடுக்க வந்தால், வெளியேறும் வழியில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பெரியவர் பத்தொன்பது நாளுக்கும் கட்டணம் கேட்டார்.

"நான் என்ன சார் பண்றது? மெஷின் காட்டுது." தலையை வெளியே நீட்டிக் குரலைத் தணித்தார். "சீட்டு தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்தா ஒரு நாள் காசுதான். காலையிலேர்ந்து எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

அவன் படிவத்தை வாங்கினான். உரிமையாளர் பெயர் கேட்ட இடத்தில் மனைவியின் பெயரை எழுதினான். கார் அவள் பெயரில்தான் இருந்தது. அதற்குக் கீழே அச்சடித்திருந்தது: 'மேற்படி உரிமையாளரின் கவனக்குறைவால் சீட்டு தொலைந்துவிட்டது.' பேனா அங்கேயே நின்றது.

சீட்டு எங்கும் போகவில்லை. காரின் முன்கண்ணாடிக்கு மேலே அவளுடைய தலைக்கிளிப்பில் மாட்டியிருந்தது. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து: 'இரண்டாம் தளம், 47, தூண் பக்கம்.' எங்கே நிறுத்தினாலும் எழுதிவைப்பாள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள். சீட்டின்படி அன்று காலை எட்டு பன்னிரண்டுக்கு உள்ளே வந்திருக்கிறாள். பத்தேகாலுக்கு ஆறாவது மாடியில் தீ. அவள் இறங்கி வரவில்லை.

"போட்டுடுங்க மாமா," என்றான் பக்கத்தில் இருந்த மச்சினன். "வெறும் காகிதம்தானே."

"உங்க அக்காவுக்குக் கவனக்குறைவா?"

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் படிவத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "சீட்டு இருக்கு. தீப்பிடிக்கிற வரைக்கும் ரெண்டு மணிக்குச் சொச்சம், மூணு மணி நேரம்னு வெச்சுக்கங்க, தர்றேன். மீதி நாளெல்லாம் நாங்க நிறுத்தல. நீங்க பூட்டி வெச்சீங்க."

"அப்போ கேட் கம்பு மேல போகாது சார்."

"போக வேண்டாம்."

எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான்.

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. சலவைக்கடை வேனிலிருந்து ஒரு அம்மா குதித்து வந்தாள். "என்னய்யா, இங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?"

மச்சினன் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மா கையில் அதே படிவம், கையெழுத்துப் போட்டுத் தயாராக. அப்போதுதான் படித்தாள்.

"ஊரார் துணியெல்லாம் உள்ளே கிடந்து புகை நாத்தம் அடிக்குது. நான் கவனக்குறைவாமே!" படிவத்தைக் கிழித்தாள். "நீ உட்காரு தம்பி. என் வண்டியும் நகராது."

ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அடங்கின. ஒரே ஒருவன் மட்டும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் போனில் கெஞ்சினார். "வரிசை இரண்டாம் தளம் வரைக்கும் நிக்குது சார்... போலீஸைக் கூப்பிடறதா? அவங்க ஜீப்பும் இதே வரிசையிலதான் சார், ஏழாவது வண்டி."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவழியாக மேலிடம் இறங்கி வந்தது. பெரியவர் மூன்று மணி நேரக் காசை வாங்கிக்கொண்டு மறுபடி கையை நீட்டினார். "சீட்டைக் குடுங்க சார். மெஷின்ல போடணும்."

"தர மாட்டேன்."

அவர் எட்டிப் பார்த்தார். பின்பக்க எழுத்து அவர் கண்ணில் பட்டது.

"அப்போ தொலைஞ்சதுன்னு எழுதிக்கட்டுமா?"

"இருக்குன்னு எழுதுங்க. குடுக்க மாட்டேன்னுட்டான்னு எழுதுங்க."

பெரியவர் அப்படியே எழுதினார். எழுந்து வந்து கம்பைக் கையால் தூக்கிப் பிடித்தார்.